ஏழாவது டிரான்ஸ்மிட்டர்

கொசுவின் சித்தப்பாவிடம் ஆறு டிரான்ஸ்மிட்டர்கள் இருந்தன. ஆறும் அவரைவிட வயதில் மூத்தவை. ஆறும் வாய் திறக்காதவை.

ரேடியோ என்றால் கேட்பதற்கு. டிரான்ஸ்மிட்டர் என்றால் பேசுவதற்கு. தேர்வு எழுதி உரிமம் வாங்கியவர்கள், வீட்டில் உட்கார்ந்தபடியே கடல் தாண்டி இருக்கும் இன்னொருவரோடு அதில் பேசலாம். அதற்கு ஹாம் ரேடியோ என்று பெயர். சித்தப்பாவிடம் உரிமம் இருந்தது. அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். பேசுகிற பெட்டிதான் இல்லை.

"புதுசா ஒண்ணு வாங்கிடலாமே, சித்தப்பா?"

"புதுசுல என்னடி இருக்கு? பட்டனை அமுக்கினா பேசும். அதுக்கு எதுக்கு மூளை?"

"பேசறதுக்குத்தானே பெட்டி?"

இந்த மாதிரிக் கேள்வி வந்தால் சித்தப்பாவுக்கு உடனே காது மந்தமாகிவிடும்.

கொசுவுக்குப் பத்து வயது. ஒரே விஷயத்தைக் காதருகே வந்து விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பாள். அடித்து விரட்டினாலும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப வருவாள். அதனால்தான் அந்தப் பெயர். அப்படி அவள் விடாமல் கேட்டதற்கு ஒரு காரணமும் இருந்தது.

கொசுவின் அம்மா ஒன்பது மாதங்களாக ஒரு தீவில் இருந்தாள். அங்கே ஒரு வானிலை நிலையம். காற்று எவ்வளவு, மழை எவ்வளவு என்று அளப்பது அம்மாவின் வேலை. தீவில் ஒரே ஒரு தொலைபேசி உண்டு. அதில் மழையும் காற்றும்தான் பேசலாம். அம்மாக்கள் பேசக் கூடாது. கடிதம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை படகில் வரும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு, அரை மணி நேரம், அம்மா அங்கிருக்கும் ஹாம் ரேடியோவில் பேசுவாள். கிளம்பும் முன்பே அவளும் தேர்வு எழுதி உரிமம் வாங்கியிருந்தாள். சித்தப்பாவின் அறையில் ஒரு ரிசீவர் உண்டு. அதில் அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்கும். யார் யாரோ அம்மாவோடு பேசுவார்கள். அங்கே வெயிலா என்பார்கள். அம்மா ஆமாம் என்பாள்.

முடிக்கும்போது மட்டும் அம்மாவின் குரல் கொஞ்சம் கீழே இறங்கும்.

"கொசு, கேக்குதாடா? உங்களால பதில் சொல்ல முடியாதுன்னு தெரியும். சும்மா கேட்டேன்."

"கேக்குதும்மா," என்பாள் கொசு, ரிசீவரின் ஒலிபெருக்கியைப் பார்த்து.

அப்போது சித்தப்பா சுவரில் இருக்கும் தம் உரிமத்தைப் புதிதாகப் பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு ஞாயிறு அம்மா சொன்னாள்: "இன்னும் ஆறு ஞாயிறுதான். அப்புறம் காத்துக் காலம். ஏரியல் கம்பத்தை இறக்கிக் கட்டி வெச்சிடுவோம். மறுபடி ஏத்த நாலு மாசம் ஆகும்."

கொசு விரல் விட்டு எண்ணினாள். ஆறு என்பது எப்படி எண்ணினாலும் ஆறுதான்.

முதலில் அவர்கள் போனது தலைவர் வீட்டுக்கு.

ஹாம் ரேடியோ சங்கத்தில் மொத்தம் ஒன்பது பேர். ஒருவர் தலைவர். ஏழு பேர் துணைத் தலைவர்கள். மீதி ஒருவர் செயலாளர். வேலை செய்வது அந்த மீதி ஒருவர்தான், அவர்தான் சித்தப்பா. தலைவர் வீட்டில் புத்தம் புதிய பெட்டி இருந்தது. அவர் வீட்டு ஏரியல் கம்பம்தான் அந்தத் தெருவிலேயே உயரம். அதற்கு அடுத்த உயரம் அவருடைய மூக்கு.

"உரிமம் இல்லாத கை மைக்கைத் தொடக் கூடாது," என்றார் தலைவர். "நீ சொல்லும்மா, நான் எடுத்துச் சொல்றேன்."

உரிமம் உள்ளவர் பக்கத்திலேயே இருந்தால் மற்றவரும் பேசலாம் என்பதுதான் விதி. அது சித்தப்பாவுக்குத் தெரியும். ஆனால் தலைவர் முன்னால் அவர் வாயும் அவருடைய ஆறு டிரான்ஸ்மிட்டர்களைப் போலத்தான்.

கொசு சொன்னாள். "அம்மா, எனக்கு முன்பல் விழுந்துடுச்சு. பள்ளிக்கூடத்துல என்னை ஜன்னல் பக்கத்துல உக்கார வெச்சிருக்காங்க. உன் நீலப் புடவையை அப்பா மடிச்சு வெச்சுட்டார். எனக்கு எடுத்துத் தர மாட்டேங்கறார். நீ எப்ப வருவே? அங்க ராத்திரி பயமா இருக்கா?"

தலைவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். மைக்கை எடுத்தார். தம் ஏரியலின் உயரத்தைப் பற்றி இருபத்தாறு நிமிடம் பேசினார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"தங்கள் குடும்பத்தார் அனைவரும் நலம். ஓவர்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கொசு ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் பார்த்துச் சித்தப்பா பயந்துபோனார். கொசு சத்தம் போடாவிட்டால் அடுத்தது கடிதான்.

"சித்தப்பா, உங்க ஆறுல எது சீக்கிரம் சரியாகும்?"

"ஒண்ணும் ஆகாதுடி," என்றார் அவர், முதல்முறையாக உண்மையை. "எல்லாத்துக்கும் மெயின் டிரான்ஸ்ஃபார்மரே போயிடுச்சு. பார்க்க அழகா இருந்துச்சேன்னு தூக்கிட்டு வந்தேன்."

"அப்ப ஏழாவது ஒண்ணு தேடுவோம்."

ஏழாவது, பழைய இரும்புக்கடையில் இருந்தது. கடைக்காரர் அதன்மேல் உட்கார்ந்திருந்தார். சாம்பல் நிறப் பெட்டி, முகப்பில் இரண்டு மீட்டர்கள், பக்கத்தில் காற்றோட்டத் துளைகள். ஏதோ கப்பல் பயிற்சிப் பள்ளியில் இருந்து வந்ததாம். சித்தப்பா குனிந்து கடைக்காரரின் கால்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி பாக்கறே?"

"டிரான்ஸ்ஃபார்மர் கருகலை!" என்றார் சித்தப்பா, கனவில் பேசுபவர் மாதிரி.

"இதைத் தர மாட்டேன். பத்து வருஷமா இதுலதான் உக்காந்திருக்கேன். இதைக் குடுத்துட்டு நான் எதுல உக்கார?"

சித்தப்பா அந்தப் பெட்டியின் பெருமையை விளக்க ஆரம்பித்தார். வால்வு, அலைவரிசை, சரித்திரம். கடைக்காரர் கொட்டாவி விட்டார். கொசு அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தாள். அடிக்கடி முதுகை நெளித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, சாய்ஞ்சுக்க முதுகு வெச்ச நாற்காலி குடுத்தா?"

கடைக்காரர் நெளிவதை நிறுத்தினார். "கை வெச்சதா?"

"கையும் உண்டு. திண்டும் உண்டு."

அரை மணி நேரத்தில் சித்தப்பாவின் ஒரே நல்ல நாற்காலி கடைக்குப் போயிற்று. பெட்டி வீட்டுக்கு வந்தது. சித்தப்பாவுக்கு வேலை லிஃப்ட் பழுது பார்ப்பது. ஊரில் உள்ள பாரத்தை எல்லாம் மேலே ஏற்றுகிறவர், தம் கட்டடத்தில் லிஃப்ட் இல்லாததால், மூன்று மாடி அதை முதுகில் சுமந்து ஏறினார். அன்றிலிருந்து அவர் ஆசனம் கவிழ்த்துப் போட்ட வாளி.

மூடியைத் திறந்தால் உள்ளே எலிக்கூடு. அதைச் சுற்றிப் பத்து வருடத் தூசி. சித்தப்பா பெயின்ட் பிரஷால் தட்டித் தட்டித் துடைத்தார். கொசு டார்ச் பிடித்தாள்.

"கொசு, இதுல கரன்ட் போட்டா உள்ளே ஆளையே தூக்கி அடிக்கற மின்சாரம். ஒரு கை வேலை செய்யும்போது இன்னொரு கை பாக்கெட்டுக்குள்ள இருக்கணும். ரெண்டு கையும் உள்ளே போனா நெஞ்சு வழியா பாய்ஞ்சிடும். ஹாம்காரங்க எல்லாருக்கும் இதான் பழக்கம். நீ பெட்டியைத் தொடவே கூடாது. ஆனா பக்கத்துல நிக்கணும்னாலும் கை பாக்கெட்ல."

"என் கவுன்ல பாக்கெட்டே இல்லையே."

"அப்ப வெளியே நில்லு."

கொசு நேராக அப்பாவின் தையல் கடைக்குப் போனாள். அப்பா அதிகம் பேசாதவர். வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி இருக்கும் என்பதும் ஒரு காரணம். விஷயத்தைக் கேட்டார். அன்று மாலைக்குள் அவளுடைய எல்லா உடைகளிலும் ஒரு பாக்கெட் முளைத்தது. இரவு உடையில்கூட.

ஞாயிறுகள் போய்க்கொண்டே இருந்தன. உப்பிப் போன கண்டென்சர்களை மாற்ற ஒரு வாரம். கண்ணாடிக் குழாய் மாதிரி இருக்கும் வால்வு ஒன்றைத் தேட இரண்டு வாரம். கடைசியில் ஆறாவது டிரான்ஸ்மிட்டரின் வயிற்றைக் கிழித்துத்தான் அந்த வால்வு கிடைத்தது. அதை எடுக்கும்போது சித்தப்பா மூக்கை உறிஞ்சினார். தூசி என்றார்.

ஒவ்வொரு ஞாயிறும் அம்மா கேட்டாள்: "கொசு, கேக்குதாடா?" ஒவ்வொரு ஞாயிறும் கொசு ஒலிபெருக்கிக்குப் பதில் சொன்னாள்.

கடைசி ஞாயிறுக்கு முந்தைய நாள், சனிக்கிழமை மாலை, பெட்டி உயிர் பெற்றது. வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் கண் விழித்தன.

பழுது பார்த்த டிரான்ஸ்மிட்டரை எடுத்த எடுப்பில் வானத்தில் சோதிக்கக் கூடாது. ஊர் உலகத்தின் காதிலெல்லாம் கரகரவென்று விழும். அதனால் ஏரியல் மாட்டும் இடத்தில் ஒரு பல்பை மாட்டிப் பேசிப் பார்ப்பார்கள். பேசினால் பல்பு எரியும். வெளியே ஒரு முணுமுணுப்பும் போகாது. சித்தப்பா அறுபது வாட் பல்பு ஒன்றை மாட்டி மைக்கை நீட்டினார்.

"அம்மா," என்றாள் கொசு.

பல்பு பளிச்சென்றது.

சித்தப்பாவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. செய்த முதல் காரியம், தலைவருக்குப் போன் போட்டதுதான். பெருமை அடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். போனை வைக்கும்போது முகம் வாடியிருந்தது.

"தொடங்கி வைக்க அவரே வர்றாராம்."

"எதுக்கு?"

"தலைவராச்சே. முதல் அழைப்பு அவர் குரல்ல போகணுமாம். சங்கத்து ஆளுங்களும் வர்றாங்க."

ஞாயிறு மூன்றரை மணிக்கே ஏழு துணைத் தலைவர்களும் வந்துவிட்டார்கள். அறையில் இருந்தவை இரண்டு ஸ்டூல், ஒரு கட்டில், ஒரு வாளி. வாளியில் சித்தப்பாவே உட்கார முடியாமல் போயிற்று. அப்பா கடையில் இருந்து தையல் நாற்காலியைக் கொண்டுவந்து தலைவருக்குப் போட்டுவிட்டு, கதவோரம் நின்றார். தலைவர் கோட் அணிந்து வந்திருந்தார்.

"மேசையைச் சுவரோட ஒட்டித் தள்ளுங்க. போட்டோவுல பின்னாடி வயரெல்லாம் தெரியுது. அசிங்கம்."

தள்ளினார்கள். போட்டோ எடுத்தார்கள். தலைவர் தனியாக, தலைவர் பெட்டியோடு, பெட்டி தலைவரோடு. கொசுவுக்கு நிற்கக்கூட இடமில்லை. மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். அவள் பாக்கெட்டில் ஒரு தாள் இருந்தது. அம்மாவிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் எழுதி வைத்திருந்தாள்.

நான்கு மணி. பால்கனியில் கட்டிய தனிக் கம்பியில் இருந்து ரிசீவருக்கு அம்மாவின் குரல் வந்தது.

"தீவு நிலையம் பேசறேன். காத்துக் காலத்துக்கு முன்னாடி கடைசித் தடவை. யார் இருக்கீங்க?"

தலைவர் மைக்கை எடுத்தார். "தீவு நிலையம், தீவு நிலையம்! சங்கத்தின் தலைவர் பேசுகிறேன். இன்று ஒரு பொன்னாள்..."

மீட்டரின் முள் துள்ளியது. சித்தப்பா பூரித்துப்போனார். தலைவர் மூன்று நிமிடம் முழங்கிவிட்டுப் பட்டனை விட்டார்.

"யாராவது இருக்கீங்களா?" என்றாள் அம்மா. தலைவர் பேசட்டும் என்று மற்றவர்கள் எல்லாரும் இன்று அலைவரிசையை விட்டுக் கொடுத்திருந்தார்கள்.

தலைவர் இன்னும் உரக்கப் பேசினார். அம்மா மறுபடியும் அதையே கேட்டாள்.

மேசைக்கு அடியில் கொசுவுக்குத் தாளில் எழுதியது சட்டென்று தெளிவாகத் தெரிந்தது. இருட்டில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? திரும்பிப் பார்த்தாள். மேசைக்குப் பின்னால், சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில், அந்தப் பல்பு தொங்கிக்கொண்டிருந்தது. தலைவர் "பொன்னாள்" என்றபோது பளிச்சென்று எரிந்தது. மூச்சு விட்டபோது மங்கியது. மொட்டை மாடிக்குப் போகும் ஏரியல் கம்பியின் நுனி, ஜன்னல் கம்பியில் சுற்றியபடியே சும்மா இருந்தது.

தலைவரின் தொடக்க உரை ஓர் அறுபது வாட் பல்பைத் தாண்டவில்லை.

கொசு கத்துவதற்கு வாயைத் திறந்தாள். சித்தப்பாவின் கால்கள் தெரிந்தன. இன்றைக்கென்று ஷூவைப் பாலிஷ் போட்டிருந்தார். இந்த ஏழு பேர் முன்னால், "சித்தப்பா, ஏரியல் மாட்ட மறந்துட்டீங்க" என்று சொன்னால் அவர் என்ன ஆவார்? அது மட்டுமில்லை. இப்போது ஏரியலை மாட்டினால் மைக் யார் கையில் இருக்கும்? பன்னிரண்டு நிமிடம் போய்விட்டது. மிச்சத்தையும் பொன்னாள் விழுங்கிவிடும்.

திறந்த வாயை மூடிக்கொண்டாள். கஷ்டமாகத்தான் இருந்தது. மேலே அம்மாவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

கடைசியில் தலைவர் மைக்கை வைத்தார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நம்ம பெட்டியில குறையில்லை. என் குரல்லயும் குறையில்லை. சூரியன்லதான் குறை. சூரியப் புள்ளிகள் கூடிட்டா இப்படித்தான்."

ஏழு துணைத் தலைவர்களும் சூரியனைக் குறை சொல்லும் முகத்தோடு தலையாட்டினார்கள்.

கொசு மேசைக்கு அடியில் இருந்து வெளியே வந்தாள்.

"தலைவர் மாமா, சூரியப் புள்ளின்னா என்ன?"

"அது பெரிய விஷயம்மா."

"முன் ரூம்ல டீ வெச்சிருக்கு. அங்க எல்லாருக்கும் விளக்கமாச் சொல்லுங்களேன். இங்க இவங்களுக்கு உக்காரவே இடமில்லை."

தலைவர் முகம் மலர்ந்தது. விளக்கமாகச் சொல்லுங்கள் என்று அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. எழுந்து நடந்தார். ஏழு பேரும், டீ இருக்கிறது என்ற ஒரே தைரியத்தில், பின்னால் போனார்கள். அப்பா கதவை மெல்லச் சாத்தினார்.

கொசு சித்தப்பாவின் காதருகே போய்ச் சொன்னாள். சித்தப்பாவின் முகம் வெளுத்தது, சிவந்தது.

"பல்பா? அவ்வளவு நேரமும் பல்புக்கா பேசினார்?"

"நல்லா எரிஞ்சுது, சித்தப்பா."

சித்தப்பாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நேரமில்லை. பெட்டியை அணைத்தார். மேசையை இழுத்தார். ஒரு கை பாக்கெட்டில். பல்பைக் கழற்றி ஏரியலை மாட்டினார். மறுபடி மின்சாரம். மீட்டரைப் பார்த்து ஒரு குமிழைத் திருகினார். கடிகாரத்தில் நான்கு பத்தொன்பது.

"பிடி. நான் பக்கத்துலயே இருக்கேன். பட்டனை அமுக்கிப் பேசு. விட்டாத்தான் அவங்க பேசறது கேக்கும்."

கொசு பட்டனை அமுக்கினாள். தாளைப் பிரித்தாள். எழுத்தெல்லாம் நீந்தியது. ஒரு வார்த்தை வரவில்லை. பட்டனை விட்டுவிட்டாள்.

"யாரோ பட்டனை அமுக்கிட்டுப் பேசாம இருந்தீங்க," என்றாள் அம்மா. "மூச்சு மட்டும் கேட்டுது... கொசுவா?"

"அம்மா!"

அதற்குப் பிறகு தாள் தேவைப்படவில்லை. அம்மா சிரித்தாள், நடுவில் சிரிப்பு உடைந்து, மூக்கை உறிஞ்சிவிட்டு மறுபடி சிரித்தாள். பல்லைக் கேட்டாள். ஜன்னலில் இருந்து என்ன தெரிகிறது என்று கேட்டாள். ராத்திரி பயம்தான், ஆனால் கடல் தூங்காமல் கூடவே இருக்கிறது என்றாள்.

"நீலப் புடவையை வெச்சு என்னடா பண்ணப் போறே?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். வெச்சுப்பேன்."

அம்மா சொன்னாள்: "அப்பாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு."

கதவோரம் நின்ற அப்பா தலையாட்டினார். கொசு மைக்கை அவரிடம் நீட்டினாள். அப்பா வாயில் இருந்த குண்டூசிகளை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார்.

"சாப்டியா?"

"சாப்டேங்க. நீங்க?"

"ஆச்சு. ஓவர்."

"பத்து மாசம் கழிச்சு இதாண்ணே பேச்சு?" என்றார் சித்தப்பா. ஆனால் மைக்கைத் திருப்பிக் கொடுக்க அப்பாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நான்கு முப்பது.

"கொசு, கம்பத்தை இறக்க ஆளுங்க கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. இதுக்கு மேல அவங்களை நிறுத்தக் கூடாது. நான் பெட்டியை அணைக்கலை. கம்பம் இறங்கற வரைக்கும் எனக்குக் கேக்கும். நீ பேசிக்கிட்டே இரு."

கொசு பட்டனை அமுக்கிப் பேசினாள். உன் குரல் ஞாயிறுதோறும் கேட்டது, ஒவ்வொரு முறையும் பதில் சொன்னேன் என்றாள். உன் தலையணையில்தான் படுக்கிறேன் என்றாள். சீக்கிரம் வந்துவிடு என்றாள். பிறகு பக்கத்து பெஞ்சுப் பெண் பென்சிலைக் கடிப்பதைச் சொன்னாள். தலைவர் சூரியனைத் திட்டியதைச் சொன்னாள். முன் அறையில் அவர் இன்னும் திட்டிக்கொண்டுதான் இருந்தார்.

சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்தார். நாலே முக்கால்.

"கம்பம் எப்பவோ இறங்கியிருக்கும்டி."

"தெரியும், சித்தப்பா," என்றாள் கொசு. "அதான் முக்கியமானதை எல்லாம் முதல்லயே சொல்லிட்டேன். இது மிச்சம்."

சித்தப்பா சுவிட்சில் இருந்து கையை எடுத்துக்கொண்டார். கொசு பட்டனை அமுக்கி, மிச்சத்தைச் சொல்லத் தொடங்கினாள்.